கறுப்பழகி என்று தேடினால்

அவள் பிறந்த அன்று, தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிள்ளையைப் பார்த்து அவளுடைய அப்பா, "அட, கரிச்சான் குஞ்சு!" என்று சிரித்தாராம். முறைப்படி ஒரு பெயர் வைத்தார்கள். அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டிலும் தெருவிலும் அவள் கரிச்சான்தான். கரிச்சான் கைக்குள் அடங்குகிற பறவை. ஆனாலும் தன் கூட்டுப் பக்கம் வருகிற பருந்தைக்கூட விரட்டி விரட்டிக் கொத்தும். அப்பா அதை யோசித்து வைத்தாரா, நிறத்தை மட்டும் பார்த்து வைத்தாரா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

நிறம் அப்படி என்றால் முடி இன்னொரு தினுசு. சுருள் சுருளாக, அடர்த்தியாக, சீப்பு உள்ளே போனால் பல் உடைந்துதான் வெளியே வரும். அம்மா காலையில் அவளை முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து அந்த முடியோடு மல்லுக்கு நிற்பாள். மகள் போடும் கூச்சல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். தலை ஈரமாக இருக்கும்போது விரலால் சிக்கெடுத்தால் வலிக்காது என்று கரிச்சான் தானாகவே கண்டுபிடித்தாள். அதன்பின் அவள் தலையை அவளே வாரிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அதே மாதிரி முடிக்காரப் பெண்கள் நாலைந்து பேர் அவள் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தொழில் அப்படித்தான் கைக்கு வந்தது.

கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அழகு நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை பின்னறையில்: துண்டு துவைப்பது, சாயம் கலக்குவது, வெட்டி விழுந்த முடியைப் பெருக்குவது. முன்னறைக்கு வர வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். கெட்டவள் இல்லை. "நான் ஒண்ணும் நினைக்கலம்மா. வர்றவங்க நினைப்பாங்க, அழகு பண்ணிக்கிற இடத்துல இப்படி ஒரு பொண்ணான்னு" என்றாள், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். கரிச்சானைவிட ஒரு பிடி கறுப்பு. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வெள்ளைத் தோலுக்கு என்று வந்த மாவையும் பசையையும் அடுக்கடுக்காகப் பூசினார்கள். முடிந்தபோது முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. கழுத்து மட்டும் யாருடையதோ போல் கீழே நின்றது. பெண் கண்ணாடியைப் பார்த்தாள். எழுந்து, முகம் கழுவுகிறேன் என்று பின்னறைக்கு வந்து, துண்டுக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். கரிச்சான் யாரையும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, அடர் நிறப் பசைகளைத் தன் புறங்கையில் கலந்து கலந்து பார்த்து, அவள் நிறத்துக்கு ஒத்து வந்ததும் பூசினாள். பெண் கண்ணாடியைப் பார்த்து, "இது நான்தான்" என்றாள். அப்புறம் மறுபடியும் அழுதாள். அது வேறு அழுகை.

அந்தக் கண்ணீரின் ஈரம் காயும் முன் கரிச்சான் வேலையை விட்டுவிட்டாள் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி இல்லை. இன்னும் சில வருடங்கள் துண்டு துவைத்தாள், கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கணவர் ஒரு நாள், "நமக்குன்னு ஒரு கடை போட்டாதான் என்ன?" என்று கேட்டார். அவள் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் போலத் தலையாட்டினாள்.

நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழே, சாவி செய்கிற கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு அறை. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, இருமி இருமித் தண்ணீர் காயவைக்கும் ஒரு கொதிகலன். உதவிக்கு நாத்தனார் வந்தாள். வாய் நீளம், கை அதைவிடச் சுறுசுறுப்பு. கடைக்குப் பெயர் என்ன என்று பலகை எழுதுகிறவர் கேட்டபோது கரிச்சான் யோசிக்கவே இல்லை. "கறுப்பழகி" என்றாள். எழுதுகிறவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "பெருசா எழுதட்டுமா?" என்று கேட்டார். "பெருசா எழுதுங்க" என்றாள்.

கடை ஓடியது. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, "அம்மா, இப்பல்லாம் யாரு பலகையைப் பாக்கறாங்க? கைபேசியில தேடிட்டுதான் வராங்க" என்று சொல்லி இணையத்தில் கடைக்கு ஒரு பக்கம் போட்டாள். சில படங்கள், தொலைபேசி எண், கீழே ஒரு வரி: கறுப்புப் பெண்களுக்கான முடி அலங்காரமும் ஒப்பனையும். அதைப் பார்த்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்சு இரண்டு பேருந்து மாறி வந்தாள். "எங்க போனாலும் என் முடியைப் பாத்ததும் பெருமூச்சு விடறாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் விடல" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த அழைப்புகள் வரத் தொடங்கின.

முதல் அழைப்பை எடுத்தது நாத்தனார். ஓர் ஆண் குரல், "கறுப்பழகியா?" என்றது.

"ஆமாங்க, சொல்லுங்க."

"எப்ப வரலாம்?"

"யாருக்குங்க? வீட்டம்மாவுக்கா?"

மறுமுனையில் சிரிப்பு. "வீட்டம்மா எதுக்கு? எனக்குத்தான்."

"ஆம்பளைங்களுக்கு இங்க வெட்டறதில்லீங்க. ரெண்டு கடை தள்ளி இருக்கு, அங்க போங்க" என்று நாத்தனார் மரியாதையாகச் சொன்னாள். அப்புறம் அவன் சொன்னதைக் கேட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கரிச்சான் கத்தரியைக் கீழே வைத்தாள்.

ஏதோ ஒரு கிறுக்கன் என்று விட்டார்கள். அடுத்தநாள் இன்னொரு கிறுக்கன். வாரம் திரும்புவதற்குள் ஊரில் இத்தனை கிறுக்கர்களா என்று ஆகிவிட்டது. பிறகு நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் காலணியுமாக ஒருவன் உள்ளே வந்து, நாற்காலியில் இருந்த பெண்களைக் காய்கறி பொறுக்குகிறவன் மாதிரி ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். நாத்தனார் முடி உலர்த்தும் கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு போய், "வழி தெரியுமா, காட்டட்டுமா?" என்றாள். அவன் போய்விட்டான். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அப்புறம் வரவில்லை.

மேல்மாடியில் இருந்த கட்டடச் சொந்தக்காரர் ஒருநாள் படியிறங்கி வந்து கடை வாசலில் நின்றார். "தப்பா நினைக்காதம்மா. குடும்பங்க இருக்கிற இடம். கண்ட கண்ட ஆளுங்க வந்துபோறாங்கன்னு பேச்சு வருது" என்றார். இத்தனை வருடம் அதே படிக்குக் கீழே அவருடைய மகளுக்கும் தலைவாரிவிட்டவள் கரிச்சான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். "நம்ம கடையை எப்படித் தேடி வராங்கன்னு பாக்கறேம்மா" என்றாள். 'பெண்கள்' என்று மட்டும் தட்டினாள். அலுவலகத்தில் சிரிக்கும் பெண்கள், பட்டம் வாங்கும் பெண்கள், மலையேறும் பெண்கள் வந்தார்கள். அத்தனை பேரும் வெளுப்பு. 'அழகிய முடி' என்று தட்டினாள். ஆறு மாதிரி வழிகிற நேர்முடி. 'கறுப்புப் பெண்கள்' என்று பாதி தட்டும்போதே, மீதியை நான் சொல்கிறேன் என்று அந்தத் தேடல் பெட்டி முந்திக்கொண்டு சில சொற்களைக் காட்டியது. மகளின் விரல் நின்றது. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"காட்டுடீ."

"வேணாம்மா."

"காட்டுன்னா காட்டு."

கரிச்சான் பார்த்தாள். சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. நர்சு இல்லை, ஆசிரியை இல்லை, குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற ஒரு தாய்கூட இல்லை. விலைக்கு வைத்த உடம்புகள் மட்டும். அதற்கு நடுவில், தெருவும் கதவு எண்ணும் தொலைபேசி எண்ணுமாக அவளுடைய கடை. கடையின் இணையப் பக்கத்தில் மகள் சேர்த்திருந்த நர்சின் படம்கூட அந்த வரிசையில் நின்றது, என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிரித்தபடி.

"நான்தானே அந்த வரியை எழுதினேன்" என்று மகள் உடைந்தாள். "அந்தச் சொல்லைப் போடாம இருந்திருந்தா..."

"நீ என்னடி பண்ணின? நம்மள நம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்ட" என்று கரிச்சான் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணவர் விஷயத்தைக் கேட்டார். "பேரை மாத்திடலாம்" என்றார். "நிலான்னு வை. மலர்னு வை. அந்த ஒரு சொல்லை எடுத்துட்டா சனியன் விட்டுது."

"என்னங்க, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்களா?"

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தொழில் நடக்கணும் இல்ல?"

"கறுப்புங்கறது கெட்ட வார்த்தைன்னு அவங்க சொல்றாங்க. ஆமாம்னு நாமளே பலகையை இறக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். உண்மையில் அடுத்த வாரம் அவளே பலகை எழுதுகிறவரின் கடை வரைக்கும் போனாள். அவர் வெளியே போயிருந்தார். கொஞ்சநேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அவர் அன்று கடையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

தேடல் நிறுவனத்துக்கு மகள் புகார் எழுதினாள். பதில் உடனே வந்தது. மனிதர் எழுதினால் அவ்வளவு சீக்கிரம் வராது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், முடிவுகளை எங்கள் இயந்திரம் தானாகவே தீர்மானிக்கிறது, நாங்கள் தலையிடுவதில்லை என்றது. மறுபடி எழுதினாள். எழுத்து மாறாமல் அதே பதில். "எய்தவன் எங்கயோ இருக்கான், அம்போட பேசிட்டு இருக்கோம்" என்றாள் நாத்தனார்.

எய்தவன் ஒருநாள் ஊருக்கே வந்தான். வந்தாள் என்று சொல்வதுதான் சரி. சின்னக் கடைக்காரர்கள் இணையத்தில் பெயர் வாங்குவது எப்படி என்று அந்த நிறுவனம் வியாபாரிகள் சங்கத்து மண்டபத்தில் ஒரு பயிற்சி வைத்தது. கரிச்சான் போனாள். மேடையில் பெரிய திரை. அதன் பக்கத்தில் நிறுவனத்தின் சட்டை போட்ட ஓர் இளம்பெண். கரிச்சானுக்கு முதலில் கண்ணில் பட்டது அவள் முடிதான். குச்சி மாதிரி நேராகத் தொங்கியது. வேர்க்கால் ஓரத்தில் மட்டும் சின்னச் சுருள்கள் முளைத்திருந்தன. நிறமும் கரிச்சானின் நிறம்தான்.

அந்தப் பெண் நன்றாகப் பேசினாள். "யாராவது உங்க கடை பேரைச் சொல்லுங்க, இங்கயே தேடிப் பாத்துடலாம்" என்றாள். ரொட்டிக் கடைக்காரர் சொன்னார், அவர் கடை திரையில் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். "அடுத்து?"

கரிச்சான் எழுந்தாள். "என் கடை பேரு கறுப்பழகிங்க. ஆனா கடை பேரைப் போட வேணாம். 'கறுப்புப் பெண்கள்'னு போடுங்க. நான் எங்க இருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அந்தப் பெண்ணின் விரல்கள் கணினி எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. "அது பொதுவான சொல்லுங்க. கடை பேரைப் போட்டாதான்..."

"பொதுவான சொல்தாம்மா. நீங்களும் நானும்தான் அது. போடுங்க."

மண்டபத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மனப்பாடம் செய்த குரலில், "தேடல்ங்கறது ஒரு கண்ணாடி மாதிரிங்க. ஜனங்க எதைத் தேடறாங்களோ அதைத்தான் அது காட்டும்" என்றாள்.

"எனக்குக் கண்ணாடி முன்னாடிதாம்மா பொழப்பு. முன்னாடி நிக்கறவங்க முகத்தத்தான் கண்ணாடி காட்டும். யாரோ பாத்துட்டுப் போன அசிங்கத்த எடுத்து என் மூஞ்சில ஒட்டிக் காட்டாது. போடுங்கம்மா."

அந்தப் பெண் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு கேட்டது. "நான் போடமாட்டேங்க" என்றாள். இப்போது அது வேறு குரல். "என்ன வரும்னு எனக்குத் தெரியும். என் முடிக்கு என்ன பண்ணலாம்னு தேடப்போயி நானும் பாத்திருக்கேன். இத்தனை பேர் முன்னாடி, இவ்வளவு பெரிய திரையில அது வர வேணாம்."

ரொட்டிக் கடைக்காரர் தன் கைபேசியில் ஏதோ தட்டினார். பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டிப் பார்த்தார்கள். பயிற்சி அதற்குமேல் நடக்கவில்லை. கடைக்காரர்கள் எழுந்து மேடைப் பக்கம் போய், இது என்ன நியாயம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் கட்டடச் சொந்தக்காரரும் இருந்தார். அவர் மட்டும் எழுந்திருக்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் சாக்கடை மூடப்பட்டது. மூடிய விதம்தான் வேடிக்கை. அந்தச் சொற்களை யார் தட்டினாலும் எதுவுமே வராதபடி இயந்திரத்தை ஊமையாக்கிவிட்டார்கள். அசிங்கம் போனது, கூடவே அவள் கடையும் போனது. புதிதாக யாரும் தேடி வரவில்லை. "நோய் போச்சு, நோயாளியும் போயிட்டான்" என்றாள் நாத்தனார். அந்த மாதம் ஒரு நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. கணவர் பெயரைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. அது அவருடைய பெரிய மனசு.

அப்போது ஒரு பிற்பகலில் கதவைத் தள்ளிக்கொண்டு மேடையில் பேசிய அந்த இளம்பெண் வந்தாள். நிறுவனத்தின் சட்டை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த நேரா இருக்கறதையெல்லாம் வெட்டிடுங்கக்கா. சொந்த முடி எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு" என்றாள்.

"ரொம்பக் குட்டையாயிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்லக்கா."

கரிச்சான் தலையை நனைத்து, விரலால் சிக்கெடுத்து, மெதுவாக வெட்டினாள். அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வேலை போய்விடும் என்று பயந்தாளாம். போகவில்லை, ஆனால் பேச்சு நிறைய வாங்கினாளாம். "சொல்லையே மூடிடுங்கன்னு நான் சொல்லலக்கா. சரி பண்ணுங்கன்னு சொன்னேன். மூடறது சுலபம், அதனால மூடிட்டாங்க. நாங்க வேலை பாக்கற அந்தப் பெரிய அறையில நம்மள மாதிரி இருக்கறது நான் ஒருத்திதான். மத்தவங்களுக்கு இது ஒரு கோளாறு. எனக்கு வயித்தெரிச்சல்."

"விட்டுடாத" என்றாள் கரிச்சான்.

"விடல. ஆனா நீங்களும் ஒண்ணு பண்ணணும். அந்த இயந்திரத்துக்குத் தின்ன நல்லதா ஏதாவது போடணும். உங்ககிட்ட வர்றவங்கள அவங்கவங்க படத்தைப் போடச் சொல்லுங்க. அவங்க வேலை, அவங்க வீடு, அவங்க முடி. அந்தச் சொல்லோட."

முதலில் நர்சு போட்டாள், சீருடையில், இரவுப் பணி முடிந்த களைத்த கண்களோடு. அப்புறம் ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு கணக்கு ஆசிரியை, இரட்டைக் குழந்தைகளோடு ஒரு அம்மா. ஒருத்தி, "என் வீட்டுக்காரர் திட்டுவார்" என்று தயங்கினாள். மறுநாள் வீட்டுக்காரரே எடுத்த படத்தோடு வந்தாள். எங்கேயோ தூர ஊர்களில் இருந்தும் முகம் தெரியாத பெண்கள் அதே சொல்லைப் போட்டுத் தங்கள் படங்களைப் போட ஆரம்பித்தார்கள். நிறுவனத்துக்குள் அந்தப் பெண்ணும் விடாமல் சண்டை போட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு அந்தச் சொற்களை மறுபடி திறந்தார்கள்.

மகள் அன்று கடைக்கு ஓடிவந்து தட்டிக் காட்டினாள். முகங்கள் வந்தன. சிரிக்கிற, சிரிக்காத, கிழ, இள முகங்கள். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கரிச்சானே நின்றாள், கையில் சீப்போடு, வாயில் நாலு கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு.

"இந்தப் படத்தை யாருடீ போட்டது? பல்லு தெரியல, பேய் மாதிரி இருக்கேன்!" என்று கத்தினாள். நாத்தனார் சட்டென்று கொதிகலனைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் பழைய குப்பை இன்னும் எட்டிப் பார்க்கிறது. கல்லூரி முடித்த மகள் இப்போது அந்த மாதிரி நிறுவனம் ஒன்றில் வேலை தேடுகிறாள்; அந்தப் பெரிய அறையில் இன்னொருத்தி இருக்கட்டும் என்கிறாள். கட்டடச் சொந்தக்காரர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கடைக்கு முன்னால் எரியாமல் கிடந்த விளக்கை மட்டும் ஆள் வைத்து மாற்றிக் கொடுத்தார். கரிச்சான் அதை ஏற்றுக்கொண்டாள்.

அந்த மாதிரி அழைப்பு இப்போதும் எப்போதாவது ஒன்று வரத்தான் செய்கிறது. அதை நாத்தனார்தான் எடுக்கவேண்டும் என்பது கடை வழக்கம். அவள் கொடுக்கிற பதிலைக் கேட்பதற்காகவே, தலை நனைந்த பெண்கள் உலர்த்தும் கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.